வாசகர் கேள்வி–பதில்: ட்ரெக்கா, ஹைக்கா, ட்ராம்ப்பா?

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புகிறவர்களும் படிக்கக் கிளம்புகிறவர்களும் இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள். காட்டிலும் மலையிலும் நடப்பதற்கு ஆங்கிலத்தில் ஊருக்கு ஒரு சொல் இருக்கிறதே, எதை எப்படிப் புரிந்துகொள்வது? வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நாகலாபுரம் மலைக்குக் காலையில் போய் இரவு வீடு திரும்பினோம். திங்கட்கிழமை அமெரிக்கக் குழுவோடு நடந்த மீட்டிங்கில் ‘ட்ரெக் போயிருந்தேன்’ என்றேன். ‘எத்தனை நாள்? நேபாளமா?’ என்றார்கள். ஒரு நாள்தான் என்றதும் ஒரு மாதிரி சிரித்தார்கள். நான் சொன்னது தப்பா?
— ஐ.டி. ஊழியர், வேளச்சேரி

பதில்: தப்பே இல்லை. நீங்கள் பேசியது இந்திய ஆங்கிலம், அவர்கள் காதில் விழுந்தது அமெரிக்க ஆங்கிலம்.

ட்ரெக் டச்சுக்காரர்களின் சொல். ‘ட்ரெக்கன்’ என்றால் இழுப்பது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சத்தார் மாட்டுவண்டியில் தட்டுமுட்டுச் சாமானை ஏற்றி, பெண்டு பிள்ளைகளோடு இடம் பெயர்ந்ததற்கு அந்தப் பெயர். 1830-களில் கேப் பகுதியிலிருந்து அவர்கள் கூட்டம் கூட்டமாக உள்நாட்டுக்குப் போனதை ‘கிரேட் ட்ரெக்’ என்றே வரலாற்றில் எழுதுகிறார்கள். மாதக்கணக்கு, மூட்டைமுடிச்சு, திரும்பி வருவோமா என்ற சந்தேகம் எல்லாம் அந்தச் சொல்லோடு கூடவே பிறந்தவை. 1964-இல் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி காத்மாண்டுவில் ‘மவுன்டன் டிராவல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சுமை தூக்குவோர், சமையல்காரர், கூடாரம் சகிதமாக ஆட்களை மலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். அதன் பிறகு ட்ரெக்கிங் என்றால் இமயமலை என்று உலகம் முழுக்க ஊன்றிப்போனது. அமெரிக்கர் நேபாளத்தைக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

நம் நாட்டில் அந்தச் சொல் இமயத்திலிருந்து தெற்கே இறங்க இறங்க நாள் கணக்கை உதறிவிட்டது. தடா அருவிக்கு அரை நாள் போய்வந்தாலும் ட்ரெக்தான். அமெரிக்கரிடம் அதையே ‘டே ஹைக்’ என்று சொல்லுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு வேடிக்கை: ட்ரெக் பிறந்த தென்னாப்பிரிக்காவிலேயே இன்று காட்டுக்குள் நடப்பதை ஹைக்கிங் என்கிறார்கள்.

‘ஒரு நாள் என்றால் ஹைக், பல நாள் என்றால் ட்ரெக்’ என்று இணையத்தில் ஒரு சூத்திரம் சுற்றுகிறது. அதை மனப்பாடம் செய்யாதீர்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயில் சுமார் 3,500 கி.மீ. நீளம். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் மாநிலத்தில் முடிக்க ஐந்து மாதத்துக்கு மேல் பிடிக்கும். அதை ஒரே மூச்சில் நடப்பவருக்கும் ‘த்ரூ-ஹைக்கர்’ என்றுதான் பெயர். ஹைக்குக்கு நாள் கணக்கு கிடையாது.

வேளச்சேரியிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடலாம். நம் அலுவலகங்களில் ‘ஹைக் எப்போ?’ என்றால் சம்பள உயர்வு. அமெரிக்கரும் விலையேற்றத்துக்கும் வரியேற்றத்துக்கும் ஹைக் என்பார்கள். ஆனால் சம்பளத்துக்கு ‘ரெய்ஸ்’, பிரிட்டனில் ‘பே ரைஸ்’. மேலாளரிடம் ஹைக் கேட்டு அவர் ‘டேக் எ ஹைக்’ என்று சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். ‘போய்யா, வேலையைப் பாரு’ என்று அதற்கு அர்த்தம்.

கேள்வி: மகள் வெலிங்டனில் இருக்கிறாள். ‘கிறிஸ்துமஸ் லீவில் ட்ராம்ப்பிங் போகலாம், நீங்களும் வாங்க அத்தை’ என்கிறார் மாப்பிள்ளை. அகராதியில் ட்ராம்ப் என்றால் வீடு வாசல் இல்லாமல் சுற்றுபவன் என்று போட்டிருக்கிறது. எனக்கு 64 வயது. மெரினாவில் தினமும் நான்கு கி.மீ. நடப்பேன். என்னால் முடியுமா?
— இல்லத்தரசி, மயிலாப்பூர்

பதில்: அகராதி சொல்வது சரி. அமெரிக்காவில் ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிச் சொன்னால் வசவு. நியூசிலாந்தில் மட்டும் அது கௌரவமான சொல். அங்கே வெலிங்டனிலேயே 1919-இல் தரருவா ட்ராம்ப்பிங் கிளப் தொடங்கிவிட்டது. முதுகில் பையோடு காட்டுப் பாதையில் நடந்து, வழியில் மரக்குடிலில் தங்கிப் போவதுதான் அவர்கள் சொல்லும் ட்ராம்ப்பிங். ஆகவே மாப்பிள்ளை கூப்பிடுவது பூங்காவில் உலாவ அல்ல.

முடியுமா முடியாதா என்பது பாதையைப் பொறுத்தது. அவரிடம் பாதையின் பெயரையும், வனத்துறைக்கு ஒப்பான அங்குள்ள ‘டிபார்ட்மென்ட் ஆஃப் கன்சர்வேஷன்’ அதை எந்த வகையில் சேர்த்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். ‘ஷார்ட் வாக்’ என்றால் நடைபாதை மாதிரி சீராக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம். ‘வாக்கிங் ட்ராக்’ கொஞ்சம் ஏற்ற இறக்கமும் சேறும் உள்ளது. ‘கிரேட் வாக்’, ‘ஈஸியர் ட்ராம்ப்பிங் ட்ராக்’ இரண்டும் நன்றாகப் பராமரிக்கப்படுபவை, ஆனால் தினம் பல மணி நேரம் நடக்க வேண்டும். புகழ்பெற்ற மில்ஃபோர்ட் ட்ராக் 53.5 கி.மீ., நான்கு நாள். ‘அட்வான்ஸ்டு’ என்றோ ‘ரூட்’ என்றோ இருந்தால் வேண்டாம். அங்கே பாதை என்று ஒன்று வெட்டியே இருக்காது, பாலமில்லாத ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டிவரும், மழை பெய்தால் அந்த ஆறு ஒரே மணி நேரத்தில் ஏறிவிடும்.

மெரினா நடை நல்ல பழக்கம். ஆனால் அது தட்டையான தரை. முழங்காலுக்குப் பரீட்சை இறக்கத்தில்தான். கிளம்புவதற்கு எட்டு வாரம் முன்பிருந்து வாரம் இரண்டு நாள் பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு, பிறகு பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கடைசியில் ஐந்து கிலோ. இறங்கும்போது முட்டி வலித்தால் ‘ஷார்ட் வாக்’கோடு நிறுத்திக்கொண்டு, மற்றவர்கள் திரும்பும்வரை பேரப்பிள்ளைகளோடு இருங்கள்.

ஆரஞ்சு நிற முக்கோணம்தான் அங்கே பாதைக்கு அடையாளம். வேறு நிறத்தில் மரத்தில் அடித்திருப்பவை பெரும்பாலும் எலி, பொசம் பிடிக்க வைத்த பொறி வரிசை. அதன் பின்னால் போனால் நடுக்காட்டில் முடியும். குடிலில் மெத்தை இருக்கும், போர்வை இருக்காது. தூங்கும் பை நம்முடையது.

இன்னொரு முக்கியமான விஷயம் விமான நிலையத்தில். பழைய ஷூவை அடிப்பாகத்துக் குழிகளில் மண் துளிகூட இல்லாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள். அதையும், பையில் உள்ள வடகம், ஊறுகாய், பருப்புப்பொடி அத்தனையையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ‘புஷ்வாக்கிங்’ என்கிறார்களே, புதருக்குள்ளேயா நடப்பார்கள்?
— கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: புஷ் என்றால் அங்கே புதர் அல்ல, நகரத்துக்கு வெளியே இருக்கும் காடு, மேடு, பொட்டல் எல்லாமே. யூகலிப்டஸ் மரம் வானளாவ நின்றாலும் அது புஷ்தான். சிட்னி புஷ் வாக்கர்ஸ் சங்கம் 1927-லேயே தொடங்கியது, அந்த அளவுக்கு ஊறிய சொல். நீங்கள் நினைக்கிற மாதிரி பாதையில்லாத புதரை விலக்கிக்கொண்டு போவதற்கு அமெரிக்காவில் ‘புஷ்வேக்கிங்’, ஆஸ்திரேலியாவில் ‘புஷ்-பேஷிங்’. காதுக்கு மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும். முதலாவதற்கு ஒரு ஷூ போதும், மற்ற இரண்டுக்கும் முழுக்கால் சட்டையும் கணுக்காலை மூடும் கெய்ட்டரும் வேண்டும். காட்டுத்தீ அபாயம் அதிகமான நாளில் அங்கே பூங்காக்களையே மூடிவிடுவார்கள், காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: மகன் மெல்போர்னிலிருந்து ‘பேக்பேக்கர்ஸில் தங்கியிருக்கிறேன்’ என்கிறான். காட்டிலா?
— அண்ணா நகர் வாசகர்

பதில்: கவலை வேண்டாம், ஊருக்குள்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ‘பேக்பேக்கர்ஸ்’ என்பது மலிவு விடுதியின் பெயர். நம் மேன்ஷன் மாதிரி, கட்டிலுக்கு வாடகை. இதையே அமெரிக்காவில் இருக்கும் பையன் ‘பேக்பேக்கிங் போகிறேன்’ என்றால் கூடாரம், அடுப்பு, சோறு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து காட்டில் இரவு தங்கப் போகிறான் என்று பொருள். அப்போது வேண்டுமானால் கொஞ்சம் கவலைப்படலாம்.

கேள்வி: செப்டம்பரில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்கிறேன். அங்கே ‘ராம்ப்ளிங்’ குழு ஒன்று உண்டு என்று சீனியர் சொன்னார். வரைபடத்தில் ஊருக்கு வெளியே வயல் நடுவில் எல்லாம் ஃபுட்பாத் என்று போட்டிருக்கிறது. வயலில் யார் ஃபுட்பாத் போட்டார்கள்?
— மாணவர், குரோம்பேட்டை

பதில்: நல்ல கேள்வி, இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நம்மூரில் சாலையோரம் கல் பாவிய பகுதி ஃபுட்பாத். சென்னைத் தமிழில் அதற்கும் ஒரு படி மேலே போய் ‘பிளாட்பாரம்’ என்போம். பிளாட்பாரக் கடை என்றால் ரயில் நிலையத்தில் யாரும் தேடமாட்டார்கள். பிரிட்டனில் இதற்கு ‘பேவ்மென்ட்’, அமெரிக்காவில் ‘சைட்வாக்’. அமெரிக்காவில் பேவ்மென்ட் என்றால் வண்டி ஓடும் தார்ச்சாலைப் பரப்பு. பிரிட்டிஷ்காரர் ஒருவர் தன் குழந்தையிடம் ‘பேவ்மென்ட்டில் நட’ என்று சொல்வதை அமெரிக்கத் தாய் கேட்டால் பதறிவிடுவாள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்பது சட்டச் சொல். தனியார் நிலத்தின் வழியாகப் பொதுமக்கள் காலால் நடந்துபோக உள்ள உரிமைதான் அது. கல்லும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. கோதுமை வயல் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை, சில நேரம் அதுகூடத் தெரியாது. மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு ‘பிரைடில்வே’, குதிரையும் சைக்கிளும் வரும், ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஊதா அம்பு என்றால் குதிரை வண்டிக்கும் அனுமதி. சிவப்பு அம்பு உள்ள பாதையில் மோட்டார் வண்டியே வரலாம்.

வரைபடம் வாங்கினால் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுத் தாளை வாங்குங்கள், அதில் 4 செ.மீ. ஒரு கி.மீ. பச்சை நிறக் குறுங்கோடுகள் ஃபுட்பாத், பச்சை நீளக் கோடுகள் பிரைடில்வே. இங்கேதான் தவறு நடக்கும்: கறுப்புப் புள்ளிக் கோடுகளும் இருக்கும். அங்கே தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். நடக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று பொருள் இல்லை. விவசாயி திருப்பி அனுப்பினால் வாதாட முடியாது. வேலியைக் கடக்கப் படி வைத்திருப்பார்கள், அதற்கு ‘ஸ்டைல்’ என்று பெயர். கேட் இருந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப்போக வேண்டும்.

ராம்ப்ளிங் என்றால் அங்கே கூட்டமாகச் சேர்ந்து நாட்டுப்புறத்தில் நடப்பது. தொடர்பில்லாமல் வளவளவென்று பேசுவதற்கும் அதே சொல், இரண்டும் சேர்ந்தே நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பணக்காரர்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மூன்று ஆண்டில் ராம்ப்ளர்ஸ் சங்கம் உருவானது. 2000-இல் வந்த சட்டத்தால் இங்கிலாந்து, வேல்ஸின் மலை, மேய்ச்சல் மேட்டு நிலங்களில் பெரும்பகுதியில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்றாயிற்று. லீட்ஸிலிருந்து கிண்டர் ஸ்கவுட் ஒரு நாளில் போய்வரும் தூரம்தான்.

ஒரு எச்சரிக்கை. அங்கே ‘வாக்’ என்று சொன்னால் நம்மூர் வாக்கிங்கை நினைத்து ஸ்லிப்பரோடு போய் நிற்காதீர்கள். குழுவின் அறிவிப்பில் ‘11 மைல் வாக்’ என்றிருந்தால் 17.7 கி.மீ., சேறு, மழை, நாள் முழுக்க. பிரிட்டிஷ்காரர்கள் எதையும் குறைத்துச் சொல்வதில் பெயர் போனவர்கள். தூரத்தோடு மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரங்கிமலை ஒரு குன்று, அதை ‘மவுன்ட்’ என்கிறோம். நீலகிரி எவ்வளவு உயரம், அதை ‘ஹில்ஸ்’ என்கிறோம். இதில் ஏதாவது கணக்கு உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆலந்தூர்

பதில்: கணக்கே கிடையாது. பரங்கிமலை 300 அடி அளவில்தான். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். பிரிட்டனின் மிக உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர், தொட்டபெட்டாவின் இடுப்புக்குத்தான் வரும். ஆனால் அதில் ஏறப்போகும் ஸ்காட்லாந்துக்காரர் ‘ஹில்லுக்குப் போகிறேன்’ என்பார். அங்கே இந்த நடைக்குப் பெயரே ‘ஹில்வாக்கிங்’. வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதிக்குப் போனால் ‘ஃபெல் வாக்கிங்’. ஃபெல் என்பது வைக்கிங்குகள் விட்டுப்போன சொல், மலை என்று பொருள்.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல், அதாவது 914 மீட்டருக்கு மேல் உள்ள சிகரங்களை ஹியூ மன்ரோ 1891-இல் பட்டியல் போட்டார். அவற்றுக்கே ‘மன்ரோ’ என்று பெயராகிவிட்டது. இன்றைய பட்டியலில் 282. ஒவ்வொன்றாக ஏறி எண்ணிக்கை சேர்ப்பது அங்கே ஒரு பித்து, அதை ‘பேகிங்’ என்பார்கள். அமெரிக்காவில் கொலராடோக்காரர்களுக்கு இதே பித்து ‘ஃபோர்டீனர்’ மேல், 14,000 அடிச் சிகரங்கள்.

சொல் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது என்பதுதான் இதில் முக்கியம். ஸ்காட்லாந்து ஹில்லில் ஏப்ரலிலும் உறைபனி கிடக்கும். குளிர்காலத்தில் பனிக்கோடரியும், ஷூவுக்கடியில் மாட்டும் இரும்புப் பல்லும் இல்லாமல் போகக்கூடாது. பரங்கிமலையைப் பொறுத்தவரை, 1802-இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்க ‘பேஸ்லைன்’ எனப்படும் முதல் அளவுக்கோட்டைப் போட்டது அதை ஒட்டிய சமவெளியில்தான். அந்த மரியாதைக்காவது மவுன்ட் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: பல நாட்டு நண்பர்களோடு ஒரு வாரம் நடக்கத் திட்டம். ஆளுக்கொரு சாமான் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். எதை வாங்குவது என்று குழப்பமாக இருக்கிறது. அடுப்புக்கு எரிபொருள் வாங்கும் பொறுப்பு என்னுடையது.
— பொறியாளர், தாம்பரம்

பதில்: துணிமணியில் குழம்பினால் கொஞ்சம் சிரிப்பு, எரிபொருளில் குழம்பினால் இரவுச் சாப்பாடு இல்லை. முதலில் எரிபொருளைப் பார்ப்போம்.

‘கேஸ்’ என்று அமெரிக்கர் எழுதினால் பெட்ரோலாகவும் இருக்கலாம். திருகு மூடியுள்ள சிறிய எரிவாயுக் குப்பியைத்தான் சொல்கிறார் என்றால் ‘கேனிஸ்டர்’ என்று எழுதியிருப்பார், இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். ‘ஒயிட் கேஸ்’ வாயுவே அல்ல, அடுப்புக்கென்று சுத்திகரித்த திரவ எரிபொருள். அதே சரக்கு ஆஸ்திரேலியாவில் ‘ஷெல்லைட்’, நியூசிலாந்தில் ‘ஒயிட் ஸ்பிரிட்ஸ்’. இதை நினைவில் வைத்துக்கொண்டு பிரிட்டனில் போய் ‘ஒயிட் ஸ்பிரிட்’ கேட்டால் பெயின்ட் கரைக்கும் தின்னர் மாதிரியான திரவத்தைக் கொடுப்பார்கள். அது கனமானது, எளிதில் ஆவியாகாது. அடுப்பில் ஊற்றினால் கரி கக்கி, எரிபொருள் வரும் ஊசித்துளையை அடைத்துவிடும். இரவில் குளிரில் நடுங்கிக்கொண்டு அந்தத் துளையைக் கம்பியால் குத்திக்கொண்டிருக்க வேண்டும்.

நம் மண்ணெண்ணெய் அமெரிக்காவில் ‘கெரசின்’, பிரிட்டனில் ‘பாரஃபின்’. அமெரிக்கக் கடையில் பாரஃபின் என்றால் மெழுகு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘மெத்திலேட்டட் ஸ்பிரிட்’ என்பதை அமெரிக்காவில் ‘டீநேச்சர்டு ஆல்கஹால்’ என்று கேட்க வேண்டும். எதுவானாலும் விமானத்தில் கொண்டுபோக முடியாது, கைப்பையிலும் கூடாது, சரக்குப் பையிலும் கூடாது. போய் இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். அதனால்தான் பெயர் தெரிந்திருப்பது அவசியம். அடுப்பின் அடியில் எந்த எரிபொருள் என்று அச்சடித்திருப்பதைப் படமெடுத்துக் கடையில் காட்டுவது எல்லாவற்றிலும் பத்திரம்.

இனி உடை. நாம் ‘ஜெர்கின்’ என்பது முழுக்கை ஜாக்கெட். வெளிநாட்டில் ஜெர்கின் என்றால் கையில்லாத மேல்சட்டை, அதை நம்பி மழையில் போனால் கை இரண்டும் நனையும். மழைக்கு ‘ரெயின் ஜாக்கெட்’ என்று கேளுங்கள். ‘மங்கி கேப்’ என்ற பெயர் நம் நாட்டோடு சரி, வெளியே ‘பாலக்லாவா’. அமெரிக்கர் ‘ரெயின் பேன்ட்ஸ்’ என்று எழுதினால் மழைக்கால்சட்டை, பிரிட்டிஷ்காரரிடம் ‘பேன்ட்ஸ் நனைந்துவிட்டது’ என்று சொல்லாதீர்கள், அது உள்ளாடை. கால்சட்டைக்கு ‘டிரவுசர்ஸ்’. ‘ஸ்லிப்பர்’ அங்கே வீட்டுக்குள் போடும் மெத்தென்ற காலணி. நம் ரப்பர் செருப்பு ஆஸ்திரேலியாவில் ‘தாங்ஸ்’, நியூசிலாந்தில் ‘ஜாண்டல்ஸ்’. ஆஸ்திரேலியர் தாங்ஸ் எடுத்து வா என்று எழுதியதைப் பார்த்து அமெரிக்கர் முகம் சிவந்தால், அவருக்கு அதுவும் உள்ளாடைதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

‘ஹெட் டார்ச்’, ‘ஹெட்லேம்ப்’ இரண்டும் நெற்றியில் கட்டும் விளக்கு. ‘பில்லி’ என்றிருந்தால் கொதிக்கவைக்கும் பாத்திரம். ‘ஸ்க்ராகின்’, ‘கார்ப்’, ‘ட்ரெயில் மிக்ஸ்’ மூன்றும் கடலை, முந்திரி, திராட்சை, சாக்லேட் கலந்த நொறுக்குத்தீனி. இந்த மூன்றுக்கும் பதிலாக நீங்கள் கோவில்பட்டி கடலைமிட்டாயைத் தாராளமாகக் கொண்டுபோகலாம், வெயிலில் உருகாது.

கேள்வி: ‘க்ரீக்கில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வழிகாட்டிக் குறிப்பில் படித்தேன். எண்ணூர் க்ரீக் மாதிரியா? உப்பாக இருக்காதா?
— மீஞ்சூர் வாசகர்

பதில்: எண்ணூர் க்ரீக் பழைய பிரிட்டிஷ் அர்த்தத்தில் வைத்த பெயர். கடல் உள்ளே புகுந்து ஏறி இறங்கும் கழிமுகம். இன்றும் இங்கிலாந்தில் க்ரீக் என்றால் அதுதான், உப்புத்தான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் க்ரீக் என்பது நல்ல தண்ணீர் ஓடும் சிற்றாறு, நம் ஓடை. இதையே ஸ்காட்லாந்தில் ‘பர்ன்’, வட இங்கிலாந்தில் ‘பெக்’ என்பார்கள். ஆஸ்திரேலிய வரைபடத்தில் க்ரீக் என்று நீலக்கோடு போட்டிருந்தாலும் கோடையில் மணல்தான் கிடக்கும், வேறு ஊற்று தெரியாமல் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். எங்கே பிடித்தாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம்.

கேள்வி: அறிவிப்புப் பலகையில் சில நாட்டில் கிலோமீட்டர், சில நாட்டில் மணி நேரம், சில நாட்டில் மைல். எவ்வளவு நேரமாகும் என்று நாமே கணக்கிட வழி உண்டா?
— திருவான்மியூர் வாசகி

பதில்: ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. மெட்ரிக் அளவில், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உதாரணமாக 12 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 24 நிமிடமும் 1 மணி 30 நிமிடமும் சேர்ந்து 3 மணி 54 நிமிடம். இது ஓய்வே எடுக்காத, பழகிய கால்களுக்கு. புதியவர், கனமான பை, சேறு என்றால் பாதி சேர்த்து ஆறு மணி என்று வைத்துக்கொண்டு, இருட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளம்புங்கள். நியூசிலாந்துப் பலகையில் மணி நேரமே போட்டிருக்கும், அதையும் முதல் நாள் உங்கள் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வழி தவறினால் விசில்தான் துணை, அதிலும் நாட்டுக்கு நாடு பேச்சு வேறு. பிரிட்டனிலும் ஆல்ப்ஸிலும் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். மூன்று ஊதல் வந்தால் ‘கேட்டுவிட்டது’ என்று பதில். வட அமெரிக்காவில் மூன்று ஊதலே ஆபத்து என்று அர்த்தம்.

கேள்வி: பயணக் கட்டுரைகள் மொழிபெயர்க்கிறேன். ஹைக்கிங், ட்ரெக்கிங், ட்ராம்ப்பிங், ராம்ப்ளிங் எல்லாவற்றையும் ‘மலையேற்றம்’ என்றே எழுதிவிடலாமா?
— மொழிபெயர்ப்பாளர், தி. நகர்

பதில்: கூடாது என்பது நம் கருத்து. ராம்ப்ளிங்கில் மலையே இல்லாமல் போகலாம். கயிறு கட்டி ஏறும் மவுன்டனியரிங்கும் தமிழில் மலையேற்றம்தான், அதற்கு என்ன செய்வீர்கள்? தமிழ்நாடு அரசு 2024-இல் வனத்துறை மூலம் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டத்தில் ட்ரெக்கிங்குக்கு மலையேற்றம் என்று பழகிவிட்டது, பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆகவே இந்திய ட்ரெக்குக்கு அந்தச் சொல் இருக்கட்டும். ராம்ப்ளிங்குக்கு நாட்டுப்புற நடை, புஷ்வாக்கிங்குக்குக் காட்டு நடை, ஹில்வாக்கிங்குக்கு மலை நடை என்று எழுதினால் வாசகருக்குக் காட்சி தெரியும். ட்ராம்ப்பிங்கை முதல் முறை ட்ராம்ப்பிங் என்றே எழுதி ஒரு வரியில் விளக்கிவிடுங்கள், அந்த நாட்டு வாசனை போய்விடக்கூடாது. பாதயாத்திரை வேண்டாம், வேண்டுதலோ கட்சிக்கொடியோ கூடவே வந்துவிடும். ‘நடைப்பயணம்’ என்ற சொல்லையும் அரசியல்வாதிகள் ஏறக்குறைய எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘கால்நடைப் பயணம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஆடுமாடு ஓட்டிப்போகிறார்கள் என்று நினைப்பார்கள்.

கேள்வி: நடக்கும்போது ஊன்றிக்கொள்ளும் கோலை ‘ட்ரெக்கிங் போல்’ என்கிறார்கள், ‘வாக்கிங் போல்’ என்கிறார்கள் — இரண்டும் ஒன்றா, வேறா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: ஒன்றே. பிரிட்டனில் பெரும்பாலும் வாக்கிங் போல். ஹைக் ஹைக் என்று சொல்கிற அமெரிக்கர்களே இந்தக் கோலை மட்டும் ட்ரெக்கிங் போல் என்கிறார்கள், அதற்கு நியாயம் கேட்க முடியாது. தட்டையான தரையில் கோலை ஊன்றிப் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும், அதுதான் உங்கள் நீளம். ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைத்து, இறக்கத்தில் அதே அளவு கூட்டிக்கொள்ளுங்கள். திருகு வகைப் பூட்டுள்ள கோலை நனைந்தபடி மடக்கி வைத்தால் உள்ளே துருவோ அழுக்கோ பிடித்து அடுத்த முறை இறுகாது, நடுவழியில் சரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மூன்று துண்டாகக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். எண்ணெய் போடாதீர்கள், வழுக்கும். விமானத்தில் சரக்குப் பைக்குள் வைத்துவிடுங்கள், கையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.